கடனுக்கும் ஓய்வுக்கும் ஒரே சம்பளம்

கடன் இருக்கும் வீட்டில் சம்பளப் பணம் முதலில் யாரிடம் போய்ச் சேர்கிறது என்று கவனித்துப் பாருங்கள். அதிக வட்டி வாங்குகிறவரிடம் போவதில்லை. வாசலில் வந்து நிற்பவரிடம், விடாமல் போன் போடுகிறவரிடம், விசேஷ வீட்டில் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடக்கூடிய சொந்தக்காரரிடம் போகிறது. அவர்களுக்கெல்லாம் கொடுத்தது போக மிச்சமிருந்தால் கிரெடிட் கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை. ஓய்வுக்காலம் எந்த வாசலுக்கும் வந்து நிற்காது. அதனால் அதற்கு எதுவும் போவதில்லை.

“முதலில் கடனை முடிப்போம், அப்புறம் சேர்ப்போம்” என்பது முப்பது வயதில் நல்ல வரிசைதான். நாற்பதைத் தாண்டிய பலருக்கு அந்த அப்புறம் வருவதே இல்லை. ஒரு கடன் முடிகிற மாதம் பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் தொடங்கும். ஆகவே கடன் அடைப்பதும் ஓய்வுக்குச் சேர்ப்பதும் ஒரே சம்பளத்திலிருந்து சேர்ந்தே நடந்தாக வேண்டும். எதற்கு எவ்வளவு என்பதை மானமும் பயமும் முடிவு செய்தால் தப்பாகத்தான் முடியும். வட்டி விகிதம் முடிவு செய்யட்டும்.

எல்லாக் கடனையும் ஆண்டு வட்டிக்கு மாற்றுங்கள்

நம் ஊரில் ஒவ்வொரு கடனும் ஒவ்வொரு கணக்கில் பேசும். “ரெண்டு வட்டி” என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். தண்டல்காரர் வட்டி என்ற பேச்சையே எடுக்க மாட்டார். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் ஒன்பதாயிரம் தருவார், நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வாங்கிக்கொள்வார். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஒன்பதாயிரமும் நூறு நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை, தினமும் கரைந்துகொண்டே வருகிறது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. தண்டல், மீட்டர் வட்டி, நாள் வட்டி, கந்து வட்டி என்ற பெயர்களையெல்லாம் சொல்லியே தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. இந்த வகைக் கடன் இருந்தால் மீதிக் கட்டுரையை அப்புறம் படிக்கலாம். நகையோ கூட்டுறவு வங்கியோ எதை வைத்தாவது முதலில் அதிலிருந்து வெளியே வாருங்கள்.

வண்டிக் கடனில் வேறு ஒரு வித்தை. “பத்து பர்சென்ட்தான் சார்” என்பார் ஷோரூமில் இருப்பவர். ஒரு லட்சத்துக்கு மூன்று ஆண்டுக்குப் பத்து பத்தாக முப்பதாயிரம் வட்டி சேர்த்து 36 தவணையாகப் பிரிப்பார்கள், மாதம் சுமார் 3,600. இது ஃபிளாட் வட்டி. நீங்கள் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும் முதல் நாளில் வாங்கிய முழு லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை வட்டி. குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 18 சதவீதம். வங்கியும் நிதி நிறுவனமும் புதிய சில்லறைக் கடன் தரும்போது, எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து உண்மையான ஆண்டு விகிதத்தைக் காட்டும் ஒரு தாளைத் தர வேண்டும் என்பது 2024 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. கே.எஃப்.எஸ். என்பார்கள். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளில் ஏ.பி.ஆர். என்ற ஒரே எண்ணைப் பாருங்கள், போதும்.

கிரெடிட் கார்டு சங்கதி இன்னும் மோசம். 80,000 ரூபாய் நிலுவை, மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 2,800, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 504, ஆக மொத்தம் 3,304. குறைந்தபட்சத் தொகை ஐந்து சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 4,000. கடனில் குறைந்தது 700 ரூபாய்கூட இல்லை. போதாததற்கு, பழைய நிலுவை நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. அன்றைய மளிகைக்கே அன்றிலிருந்து வட்டி.

இப்போது எல்லாக் கடனையும் ஆண்டு வட்டி வரிசையில் எழுதி, நடுவே இரண்டு கோடு போடுங்கள். முதல் கோடு 12 சதவீதத்தில். அதற்கு மேலுள்ள கடனை, கூடுதல் சேமிப்பு எல்லாவற்றையும் நிறுத்தியாவது அடைக்க வேண்டும், ஏனென்றால் அதைத் தாண்டி நிச்சயமாக வருமானம் தரும் சேமிப்பு எதுவும் சம்பளக்காரர் கைக்கு எட்டுவதில்லை. இரண்டாம் கோடு 9-இல். அதற்குக் கீழே இருப்பவை வீட்டுக் கடன், சில கல்விக் கடன்கள். இவை பாட்டுக்கு ஓடட்டும், பக்கத்திலேயே ஓய்வுச் சேமிப்பும் ஓடலாம். இரண்டுக்கும் நடுவில் நிற்பது பெரும்பாலும் நகைக்கடன். மேலே உள்ளவை முடிந்ததும் அதன் முறை.

ஒரு சம்பளம், ஐந்து கடன்

கணக்குக்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, வயது 41, கையில் வருவது மாதம் 42,000. வீட்டுக் கடன் பாக்கி 12 லட்சம், எட்டரை சதவீதம், இன்னும் 15 ஆண்டு, தவணை சுமார் 11,800. வண்டித் தவணை 3,600, இன்னும் ஒரு வருடம். கார்டு நிலுவை மேலே சொன்ன 80,000. தனியார் நிதி நிறுவனத்தில் நகை வைத்து ஒன்றரை லட்சம், 12 சதவீதம். அதற்கு ஆண்டுக்கொரு முறை தீபாவளி போனஸில் 18,000 வட்டி கட்டி மறுபடி வைத்துவிட்டு வருகிறார். கடைசியாக மைத்துனரிடம் கைமாற்றாக வாங்கியதில் ஒரு லட்சம் பாக்கி, வட்டி கிடையாது.

அவர் இப்போது செய்வது இது: கார்டுக்குக் குறைந்தபட்சம் 4,000, மைத்துனருக்கு மாதம் 3,000. மச்சான் எதிரில் தலைகுனிய வேண்டாமே என்ற எண்ணம். அந்த 3,000 சுழி வட்டிக் கடனை அடைக்கிறது, 42 சதவீதக் கடன் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

மாற்ற வேண்டியது இரண்டே இடம். 2024 தொடக்கத்தில் 50,000 ரூபாய்க்குக் கீழே இருந்த சவரன் விலை 2025 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஒன்றரை லட்சத்துக்கு அடகில் கிடக்கும் அதே நகை இன்று கூடுதல் கடன் தாங்கும். அதை வங்கிக்கு மாற்றி 2,30,000-ஆக, ஒன்பதரை சதவீதத்தில் வைத்து, அந்த 80,000-ஐக் கொண்டுபோய்க் கார்டை ஒரே கட்டாக மூடிவிடலாம். முன்பு கார்டும் நகையும் சேர்ந்து ஆண்டுக்குத் தின்ற வட்டி 57,000-க்கு மேல். இப்போது 22,000-க்குள். சில வங்கிகள் பழைய இடத்தில் தாங்களே பணம் கட்டி நகையை மாற்றிக்கொள்கின்றன, கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு நிபந்தனை: கார்டை மூடிய அன்றே ரத்துக் கடிதமும் கொடுத்துவிட வேண்டும். கார்டு பர்ஸிலேயே இருந்தால் ஒரு வருடத்தில் நகையும் அடகில் இருக்கும், கார்டிலும் நிலுவை ஏறியிருக்கும். இந்த ஏற்பாட்டின் ஆபத்து முழுக்க இங்கேதான் இருக்கிறது. நகையின் விலை ஏறியதைச் சாக்காக வைத்து இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம் என்று கவுண்டரில் சொல்வார்கள். வேண்டாம்.

இரண்டாவது, மைத்துனரிடம் பேச்சு. “மச்சான், அடுத்த தீபாவளி வரைக்கும் பொறுத்துக்கோ, அதுக்கப்புறம் மாசம் அஞ்சாயிரமா தந்துடறேன்” என்று தேதி சொல்லிக் கேட்பது. சொல்லாமல் நிறுத்தினால் உறவு போகும். தேதியோடு கேட்டால் பெரும்பாலும் போகாது. கணக்கில் சுழி வட்டி என்பதால் அதைக் கடைசிவரை தள்ளலாம் என்று நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரிச் செலவென்றால் நள்ளிரவில் போன் செய்யக்கூடிய ஆள் அவர்தான். அந்தக் கதவைத் திறந்தே வைத்திருப்பதும் ஒரு சேமிப்பு.

முதல் ஆண்டு, இதுவரை கார்டுக்கும் மைத்துனருக்கும் போன அந்த 7,000 மாதாமாதம் நகைக்கடன் அசலுக்குப் போகிறது. ஆண்டு முடிவில் கட்டினால் போதும் என்று வங்கி சொன்னாலும் இடையிடையே அசலில் கட்டலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டு வட்டியைப் போனஸ் பார்த்துக்கொள்கிறது. நகைக்கடனுக்கு ஆண்டுக்கொரு கெடு உண்டு, தவறினால் ஏல அறிவிப்பு வரும், ஆகவே அந்தத் தேதி சமையலறைக் காலண்டரில் இருக்கட்டும். இரண்டாம் ஆண்டு வண்டித் தவணை 3,600-ம் விடுபட, மாதம் 10,600 கையில். அதில் 5,000 மைத்துனருக்கு, 5,600 நகைக்கு. ஏறக்குறைய மூன்று ஆண்டில், 44 வயதில், மைத்துனர் கணக்கு முடிந்து நகை வீட்டுக்கு வந்துவிடுகிறது. இதில் சம்பள உயர்வு எதையும் நான் சேர்க்கவில்லை. அது முதலில் 30,000 சேரும்வரை தனிக் கணக்கில் கிடக்கட்டும். திடீர்ச் செலவுக்கு அந்தப் பணம் இல்லையென்றால் அடுத்த காய்ச்சலில் கார்டு திரும்பி வந்துவிடும்.

44 வயதிலிருந்து அதே 10,600-ஐ பி.எஃப்.-இல் கூடுதலாகப் போட்டால்? வி.பி.எஃப். என்ற அந்தத் தன்விருப்பச் சந்தாவுக்கும் பி.எஃப். வட்டியேதான். 2023-24, 2024-25 இரண்டு ஆண்டுக்கும் 8.25 சதவீதம். அது அப்படியே நீடித்தால் 58 வயதில் இந்தப் பணம் மட்டும் 31 லட்சத்துக்கு மேல். சம்பளத்தில் பிடிக்கும் வழக்கமான பி.எஃப். என்ன தரும் என்று பார்த்தால் இதன் எடை புரியும். அடிப்படைச் சம்பளம் 20,000, இதுவரை சேர்ந்தது நான்கு லட்சம் என்றால், சம்பள உயர்வே இல்லாமல் 58-இல் அது சுமார் 30 லட்சம். பெரிய தொகையாகத் தெரியும். விலைவாசி ஆண்டுக்கு ஐந்து சதவீதம் ஏறினால் அந்த 30 லட்சம் இன்றைய 13 லட்சத்துக்குச் சமம்.

பென்ஷன் வருமே என்பார்கள். முதலாளியின் பங்கிலிருந்து 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது, அதுவும் 15,000 ரூபாய்ச் சம்பள வரம்புக்குள், அதாவது அதிகபட்சம் மாதம் 1,250. ஓய்வூதியம் என்பது அந்தச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்த தொகை. இந்த வரம்பில் 35 ஆண்டு உழைத்தால் மாதம் 7,500 அளவில் வரும். வாடகைக்கு ஆகலாம்.

பி.எஃப். பணத்தைக் கடன்காரர் தொட முடியாது

வேலை மாறும்போது பி.எஃப்.-ஐ உருவிக் கடனை அடைப்பது நம்மவர்கள் அதிகம் செய்யும் காரியம். சின்னச் சின்னத் தொகை என்பதால் யாருக்கும் உறுத்துவதில்லை. 33 வயதில் எடுக்கும் இரண்டு லட்சம், அப்படியே விட்டிருந்தால் 8.25 சதவீதத்தில் 58 வயதில் பதினான்கரை லட்சம். ஐந்து ஆண்டுத் தொடர்பணி முடியும் முன் எடுத்தால் வரியும் உண்டு. ஓய்வூதியத்துக்குக் குறைந்தது பத்து ஆண்டுப் பணி வேண்டும். ஒவ்வொரு வேலையிலும் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த ஆண்டுக் கணக்கு மறுபடி சுழியிலிருந்து தொடங்கும். யு.ஏ.என். என்ற பி.எஃப். எண் ஒன்றே இருக்க, பழைய கணக்கைப் புதிய வேலைக்கு மாற்றுவதுதான் சரி.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கடனுக்காக வழக்குப் போட்டு நீதிமன்றம் போனாலும் பி.எஃப். கணக்கில் இருக்கும் பணத்தை ஜப்தி செய்ய முடியாது. 1952-ஆம் ஆண்டு பி.எஃப். சட்டத்தின் பத்தாம் பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தந்தது. வசூலுக்கு வருபவர் “பி.எஃப்.-ஐ எடுத்துக் கட்டுங்களேன்” என்று ஆலோசனை சொன்னால், அவர் கைக்கு எட்டாத பணத்தை உங்கள் கையாலேயே எடுத்துத் தரச் சொல்கிறார் என்று பொருள். 42 சதவீதக் கடனுக்கு 8.25 சதவீதப் பணத்தை எடுப்பது கணக்குப்படி லாபம்தானே என்று கேட்கலாம். காகிதத்தில் லாபம்தான். ஆனால் நகையை மீட்கும் வைராக்கியம் வீட்டில் எல்லோருக்கும் இருக்கிறது, எடுத்த பி.எஃப்.-ஐத் திருப்பிப் போட்டவரை நான் பார்த்ததில்லை. அதனால் நகைக்குத்தான் முதல் முறை.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தால் பி.எஃப். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் வாய்ப்பை மனிதவளத் துறை சில இடங்களில் தரும். கையில் வருவது கூடும் என்று பலர் கையெழுத்துப் போடுகிறார்கள். போட வேண்டாம்.

வீட்டுக் கடனின் கடைசித் தவணை எந்தத் தேதியில்?

கூடுதல் பணத்தை வீட்டுக் கடனில் கட்டுவதா, ஓய்வுக்குப் போடுவதா என்று அலுவலகத்தில் தேநீர் வேளையில் நடக்கும் விவாதத்துக்கு முடிவே இல்லை. எட்டரைக்கும் எட்டே காலுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இல்லாததால் வட்டியை வைத்து இதைத் தீர்க்க முடியாது. தேதியை வைத்துத் தீர்க்கலாம். கடைசித் தவணை ஓய்வுத் தேதிக்குப் பிறகு விழுந்தால், முன்னால் வரும்வரை அசலில் கட்டுங்கள். தனிநபர் வாங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. ஓய்வுக்கு முன்பே முடிகிறதா, அதை விட்டுவிட்டுக் கூடுதல் பணத்தை ஓய்வுக்குப் போடுங்கள். நம் ஓசூர்க்காரரின் கடன் 56-இல் முடிகிறது. அவர் செய்ய எதுவுமில்லை.

ஆனால் அந்தத் தேதி நீங்கள் நினைக்கும் இடத்தில் இருக்கிறதா? 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி நான்கிலிருந்து ஆறரை சதவீதத்துக்கு ஏறியது. பல வங்கிகள் தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டிவிட்டன. மாதம் கட்டும் தொகை மாறாததால் வாடிக்கையாளர் கவனிக்கவே இல்லை, 58-இல் முடிய வேண்டிய கடன் 64-க்குப் போயிருந்தது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டதன் பின்னணி இதுதான். 2025-இல் ரெப்போ ஆறரையிலிருந்து ஐந்தே காலுக்கு இறங்கியது. உங்கள் கடனுக்கு அந்தக் குறைப்பு வந்து சேர்ந்ததா, மீதமுள்ள மாதங்கள் எத்தனை என்று கணக்கு அறிக்கையில் பாருங்கள். தவணையைக் குறைத்துத் தருகிறோம் என்றால் மறுத்துவிட்டு, பழைய தொகையையே கட்டிக் காலத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் கேட்க வேண்டியவை

வி.பி.எஃப். தொகையைப் பல நிறுவனங்கள் ஏப்ரலில் மட்டுமே மாற்ற விடும், மார்ச்சிலேயே கடிதம் கொடுங்கள். ஊழியரின் பங்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட தொகையின் வட்டிக்கு வரி உண்டு, பெரும்பாலோர் அந்த உயரத்துக்குப் போவதில்லை. புதிய வரி முறையில் இருப்பவருக்கு 80சி போன்ற கழிவு கிடையாது. ஆனால் தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.-இல் ஊழியரின் கணக்கில் முதலாளி போடும் தொகைக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை, கழிவு உண்டு. சம்பளத்தை அப்படிப் பிரித்துத் தர முடியுமா என்று கேட்பதில் தப்பில்லை.

பணிக்கொடை கணக்கு வேறு மாதிரி. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்க வேண்டும். கடைசி அடிப்படைச் சம்பளம் 40,000, முப்பது ஆண்டு ஒரே இடத்தில் என்றால் ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பி.எஃப். உங்களோடு வேலை மாறும், பணிக்கொடையின் ஆண்டுகள் மாறாது. வழக்கமாக ஐந்து ஆண்டு முடிந்தால்தான் அதற்குத் தகுதி, ஆகவே நான்காம் ஆண்டில் வேறு வேலை வந்தால் சம்பள பேரத்தில் இழப்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

நிறுவனத்தில் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் இருந்தால் வெளிக்கடனைவிட அது நல்லது, சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். கூடவே ஒரு தொல்லையும் வரும், சக ஊழியருக்கு ஜாமீன் கையெழுத்து. அவர் கட்டாவிட்டால் பிடித்தம் உங்கள் சம்பளத்தில். ஜாமீன் போட்ட தொகையையும் உங்கள் கடன் பட்டியலில் எழுதுங்கள். எழுதும்போதே பலருக்குக் கை தயங்கும். அந்தத் தயக்கத்துக்கு மரியாதை கொடுங்கள்.

மொய் நோட்டும் கல்யாண மண்டபமும்

வங்கி அறிக்கை எதிலும் வராத கடன் ஒன்று ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைத்துப் பணம் புரட்டுகிறவர்கள் அதைக் கடனாகவே கணக்கு வைத்துத் திருப்பிச் செய்வார்கள். மற்ற ஊர்க்காரர்கள்தான் அன்பளிப்பு என்று நினைத்து மறந்துவிட்டு, திடீரென்று நான்கு பத்திரிகை வரும் மாதத்தில் கார்டைத் தேய்க்கிறார்கள். மொய் நோட்டைப் புரட்டி, அடுத்த மூன்று ஆண்டில் யார் வீட்டில் கல்யாணம், காதுகுத்து வரக்கூடும் என்று குறித்து, ஆண்டுக்கொரு தொகை ஒதுக்குங்கள். ஆவணியும் தையும் எப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

படிப்புக்கு ஓய்வுப் பணத்தை உடைப்பதைவிடக் கல்விக் கடன் நல்லது. நான்கு லட்சம் வரை வங்கி ஈடு கேட்கக் கூடாது, படிப்பு முடிந்த பிறகுதான் தவணை தொடங்கும், கட்டப் போவது சம்பாதிக்கத் தொடங்கிய பிள்ளை. அப்பா கட்டிவிடுவார் என்று பேசாமல் விட்டுவிடாமல், சேரும் நாளிலேயே அதைப் பிள்ளையிடம் சொல்லிவிடுவது நல்லது.

கல்யாணம்தான் கஷ்டமான இடம். 58-இல் வரும் பி.எஃப்.-உம் பணிக்கொடையும் பல வீடுகளில் ஒரு நாள்கூட வங்கியில் தங்காமல் மண்டபத்துக்கும் நகைக்கடைக்கும் போய்விடுகின்றன. முப்பது ஆண்டுச் சேமிப்பு இரண்டு வேளைச் சாப்பாட்டில் முடியும். செய்யாதே என்று யாரும் சொல்ல முடியாது, சொன்னாலும் கேட்க மாட்டோம். ஐம்பது வயதிலேயே கணவனும் மனைவியும் உட்கார்ந்து, கல்யாணத்துக்கு இவ்வளவு, அதற்கு மேல் ஓய்வுப் பணத்திலிருந்து எடுப்பதில்லை என்று ஒரு தொகையைத் தீர்மானித்து, பிள்ளைகளிடமும் சொல்லிவிடலாம். மண்டபம் பார்க்கப் போகும்போது பேரம் அந்தத் தொகையிலிருந்து தொடங்கும்.